இடமில்லாத கணனியும் அழியாத கோப்புகளும்

1998 ஆம் ஆண்டில் எமது பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் கணனிகள் வந்து சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எனது மேசைக்கு ஒதுக்கப்பட்டிருந்த கணனியின் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். இன்று ஒரு கல்யாண வீட்டு வீடியோவுக்கே அது போதாது. அன்றோ பக்க வடிவமைப்பு, ஸ்கேன் செய்த படங்கள், தமிழ் எழுத்துருக்கள், நாம் தட்டெழுதிய கட்டுரைகள் அனைத்தும் அதற்குள்ளேயே அடங்க வேண்டியிருந்தன. வாரத்தில் ஒரு நாளாவது 'வட்டு நிறைந்துவிட்டது' என்ற அறிவித்தல் திரையில் தோன்றும். பெரும்பாலும் ஞாயிறு இதழ் முடிக்கும் நேரத்தில்தான் அது தோன்றும் என்பதைப் பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அவ்வேளைகளில் நான் செய்த காரியம், அக்காலத்தில் எல்லோரும் செய்ததே. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டிலீட் விசையைத் தட்டுவேன். அவ்வாறு செய்தால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் ஒரேயடியாகப் போய்விடும் என்று எமது கணனிப் பிரிவுத் தம்பி கற்றுத் தந்திருந்தார். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கணனி கேட்கும். ஆம் என்பேன். அதன் பின்னர் அக்கோப்பைப் பற்றி நினைப்பதில்லை.

அப்படி அழித்தவற்றுள் இரண்டைப் பற்றி இங்கு சொல்ல வேண்டும். ஒன்று, அவ்வாண்டு வவுனியாவில் நலன்புரி நிலையங்களில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த மக்களைச் சந்தித்து நான் எழுதிய கட்டுரைத் தொடருக்கான குறிப்புகள். வெளியே செல்வதற்குப் பாஸ் பெற வேண்டியிருந்த அந்நாட்களில், பெயர் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் என்னுடன் பேசியோர் பலர். பத்திரிகையில் பெயர்களை மாற்றியே பிரசுரித்தேன். ஆனால் குறிப்புக் கோப்பில் உண்மைப் பெயர்களும், எந்த நிலையம், எத்தனையாம் கொட்டில் என்ற விபரங்களும் இருந்தன. மற்றையது, பல்கலைக்கழகத்தில் எனக்கு வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒருவருடன் மூன்று மாலை வேளைகளில் நடத்திய உரையாடல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பத்திரிகையில் வந்தது. முழுவதையும் தட்டெழுதி முடித்த கையோடு, ஒலிப்பதிவு செய்த கசெட்டுகளின் மேலேயே வேறு பேட்டிகளைப் பதிவு செய்துவிட்டேன். கசெட்டுக்கும் அப்போது கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. சில மாதங்களின் பின்னர், கட்டுரை வந்தாகிவிட்டதுதானே என்று கணனிக் கோப்பையும் அழித்தேன்.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், எழுத்துக் கோப்புகளை அழிப்பதால் கிடைத்த இடம் மிகச் சொற்பம் என்பதுதான். நான் ஒரு நாள் முழுவதும் இருந்து அழித்த நாற்பது கட்டுரைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்கேன் செய்த ஒரேயொரு அரைப்பக்கப் படத்தின் அளவுக்குக்கூட வராது. ஆனால் படங்கள் வடிவமைப்புப் பிரிவின் சொத்து. அவற்றில் கை வைக்க எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.

அழித்தல் என்பதை நாம் ஏன் அவ்வளவு எளிதாக நம்பினோம் என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். என்னளவில் அதற்கொரு காரணம் இருக்கிறது. மாணவனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளால் அச்சுக்கோக்கும் முறையைக் கண்டிருக்கிறேன். பக்கம் அச்சாகி முடிந்ததும், அச்சுக்கோப்பாளர் அந்தக் கட்டை அவிழ்த்து எழுத்துகளைத் திரும்பவும் அறைகளில் போடுவார். 'க' கரம் ககரத்தின் அறைக்கு, 'ன்' அதன் அறைக்கு. அப்படிப் பிரித்துப் போடாவிட்டால் அடுத்த நாள் பத்திரிகைக்கு எழுத்து இராது. நேற்றைய தலையங்கம் அங்கே உண்மையிலேயே இல்லாமற் போனது. எவரும் அதனை மீட்க முடியாது. தாளில் அச்சானது மட்டுமே எஞ்சும். இடம் வேண்டுமென்றால் பழையது கலைந்தே ஆக வேண்டும். கணனியிலும் அவ்வாறே நிகழ்கிறது என்று எண்ணிக்கொண்டோம்.

கணனி அப்படிச் செய்வதில்லை. அதற்கான காரணத்தை அறிய வட்டுச் சேமிப்பின் தொடக்க காலத்துக்குச் செல்ல வேண்டும்.

1956 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் எனும் கணனியை அறிமுகப்படுத்தியது. வட்டில் தகவலைச் சேமிக்கும் முறை வணிக உலகுக்கு வந்தது அதனுடன்தான். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அந்தப் பெட்டி ஒரு தொன்னுக்கும் அதிகமான எடை கொண்டது. அதில் 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். அந்தக் கணனித் தொகுதிக்கான வாடகை மாதமொன்றுக்கு 3,200 டொலர். ஒவ்வோர் எழுத்துக்கும் காசு கொடுத்த காலம் அது. ஆண்டைக் குறிக்கும்போது '19' ஐ விட்டுவிட்டுக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதும் வழக்கம் இந்தச் சிக்கனத்தில் பிறந்ததே. அதற்கான கட்டணத்தை 1999 ஆம் ஆண்டில் முழு உலகமும் சேர்ந்து கட்ட வேண்டி வந்தது வேறு கதை.

மேசைக் கணனிகள் வந்தபோது சிக்கனம் இன்னொரு வடிவெடுத்தது. இம்முறை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது நேரம். ஒரு கோப்பை அழிப்பதென்றால் வட்டில் அது இருக்கும் பகுதி முழுவதையும் தேடிச் சென்று வெற்றிடமாக்க வேண்டும். மெதுவாகச் சுழன்ற ஃப்ளொப்பி வட்டுகளில் அதற்கு நெடுநேரம் எடுக்கும். ஆகவே அவ்வாறு செய்யாமல் விடுவதென்று பொறியியலாளர்கள் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வட்டிலும் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. அழிக்கும்படி கட்டளையிட்டால், அந்தப் பட்டியலில் கோப்பின் பெயரிலுள்ள முதல் எழுத்து மட்டும் மாற்றப்படும். அந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படும். அது வெறுமையைக் குறிக்க வந்த எண். ஐபிஎம்மின் எட்டங்குல ஃப்ளொப்பிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த எண்ணால் நிரப்பப்பட்டிருந்தன. எனவே சிபிஎம் என்ற இயங்குதளம் அதனைக் கண்டால் 'இங்கே ஒன்றுமில்லை' என்று கொண்டது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனிநபர் கணனியோடு வந்த டொஸ் இயங்குதளமும் அதே எண்ணைக் கைக்கொண்டது. அக்கால ஐபிஎம் கணனிகளின் எழுத்து அட்டவணையில் 229 ஆம் இடத்தில் இருப்பது கிரேக்க எழுத்தான சிக்மா.

ஆக, முதலெழுத்து சிக்மாவாக மாறும். கோப்பு இருந்த இடம் 'வெற்றிடம்' என்று குறிக்கப்படும். அவ்வளவுதான். கோப்பின் உள்ளடக்கம் வட்டில் இருந்தபடியே இருக்கும். காணியின் உறுதியை மட்டும் வெட்டிவிட்டு, வீட்டையும் வீட்டுக்குள் இருப்பவர்களையும் அப்படியே விட்டுவிடுவது போன்றது இது. புதிதாக ஒருவர் வந்து அந்தக் காணியில் வீடு கட்டும் வரையில் பழைய வீடு நிற்கும்.

இதனை முதன்முதலில் பணமாக்கியவர் பீட்டர் நோர்ட்டன் என்ற அமெரிக்கர். தானே ஒரு முறை தவறுதலாகக் கோப்பொன்றை அழித்துவிட்டு, அதனைத் திரும்பத் தட்டெழுதப் பஞ்சிப்பட்டு மீட்பதற்கு ஒரு நிரலை எழுதினார். 1982 இல் நோர்ட்டன் யுட்டிலிட்டீஸ் என்ற பெயரில் அவரது தொகுப்பு விற்பனைக்கு வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கும் படம் அந்தப் பெட்டிகளில் இருக்கும். ஒரு காலத்தில் கணனிக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த முகம் அது. 1990 இல் அவரது நிறுவனத்தை சிமன்டெக் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு மைக்ரோசொஃப்ட் தனது டொஸ் ஐந்தாம் பதிப்பிலேயே மீட்புக் கட்டளை ஒன்றைச் சேர்த்தது. அழிந்த கோப்பின் முதல் எழுத்து என்ன என்று அது உங்களிடமே கேட்கும். அந்த ஓர் எழுத்துத்தானே தொலைந்திருந்தது!

அப்பிள் நிறுவனத்தார் இதே விடயத்தை ஒரு படமாக்கினார்கள். 1983 இல் லிசா கணனியிலும் 1984 இல் மக்கின்டொஷிலும் திரையில் குப்பைத்தொட்டி வைக்கப்பட்டது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 உடன் ரீசைக்கிள் பின் வந்தது. தவறுதலாக அழிப்போரைக் காப்பாற்றுவதே இவற்றின் நோக்கம். ஆயினும் இடப் பிரச்சினை தீரவில்லை. மாறாக, விண்டோஸின் தொட்டி வட்டின் பத்தில் ஒரு பங்கு வரையில் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. குப்பைக்கே நூறு மெகாபைட்டுக்கு மேல் போய்விட்டால் மனிதன் என்ன செய்வான்? ஷிஃப்ட் விசையை அழுத்தக் கற்றுக்கொண்டான். ஆனால் ஷிஃப்ட் விசை செய்ததும் அதே சிக்மா வேலைதான். தொட்டியை ஒரு படி தாண்டியது, அவ்வளவே.

இந்த அறியாமையால் உலகின் மிகப் பலம் வாய்ந்த அலுவலகமே அகப்பட்டுக்கொண்ட சம்பவத்தை இங்கு விரிவாகக் கூறத்தான் வேண்டும். 1986 நவம்பர் தொடக்கத்தில் லெபனானியச் சஞ்சிகை ஒன்று, அமெரிக்கா இரகசியமாக ஈரானுக்கு ஆயுதம் விற்று வருவதை அம்பலப்படுத்தியது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி நிக்கரகுவாவின் கொன்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது என்பது அதே மாதம் 25 ஆம் திகதி பகிரங்கமானது. ஜனாதிபதி ரீகனின் பாதுகாப்பு ஆலோசகர் ஜோன் பொயின்டெக்ஸ்டர் பதவி விலகினார். இக்காரியத்தைத் திட்டமிட்டு நடத்திய லெப்டினன்ட் கேர்ணல் ஒலிவர் நோர்த் பதவி நீக்கப்பட்டார்.

அதற்கு முந்திய நாட்களில் நோர்த்தும் அவரது செயலாளர் ஃபோன் ஹோலும் கத்தை கத்தையாகக் காகிதங்களை இயந்திரத்தில் இட்டுத் துண்டுதுண்டாக்கினார்கள். எஞ்சிய சில ஆவணங்களை ஹோல் தமது உடைக்குள் மறைத்து வெளியே கொண்டு சென்றார். காகிதத்தைப் பொறுத்தவரை அவர்கள் வெற்றி பெற்றார்கள் என்றே கூற வேண்டும். துண்டானவை துண்டானவையே.

ஆனால் அவர்கள் காகிதத்தில் மட்டும் எழுதியிருக்கவில்லை. தேசிய பாதுகாப்புச் சபையில் ப்ரொஃப்ஸ் என்ற ஐபிஎம் மின்னஞ்சல் முறை பாவனையில் இருந்தது. இருவரும் அதில் ஆயிரக்கணக்கில் செய்திகளைப் பரிமாறியிருந்தார்கள். நவம்பர் இறுதியில் இருவருமே அமர்ந்து அவற்றை அழித்தார்கள். பொயின்டெக்ஸ்டர் மட்டும் ஐயாயிரம் அளவிலான செய்திகளை அழித்தார். திரை காலியானது. ஆயினும் வெள்ளை மாளிகையின் தொடர்பாடல் பிரிவினர் வழமையான நடைமுறைப்படி அந்தக் கணனியின் பிரதியைக் காந்த நாடாக்களில் எடுத்து வைத்திருந்தார்கள். எவரும் சூழ்ச்சி செய்யவில்லை. கணனி பழுதானால் உதவும் என்பதற்காக எடுக்கப்பட்டவை அவை. விசாரணையாளர்கள் அந்த நாடாக்களைக் கேட்டு வாங்கினார்கள். 1987 பெப்ரவரியில் வெளியான டவர் ஆணைக்குழுவின் அறிக்கையில் அந்த மின்னஞ்சல்கள் இடம்பெற்றன. அவ்வாண்டு ஜூலையில் கொங்கிரஸ் விசாரணையின்போது, டிலீட் விசையை அழுத்தினால் செய்தி என்றென்றைக்குமாகப் போய்விடும் என்று தாம் அனைவரும் மனதார நம்பியிருந்ததாகவும், அது பெருந்தவறு எனவும் நோர்த் கூறினார். பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொண்ட அந்த விசாரணையில், இந்த ஒரு கூற்றை மாத்திரம் நான் முழுமையாக நம்புகிறேன். 1998 இல் எனது மேசையில் இருந்த நானும் அதையே நம்பியிருந்தேன் அல்லவா?

இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 1989 ஜனவரி 20 இல் ரீகன் பதவியிலிருந்து போக வேண்டும். அத்துடன் அந்த மின்னஞ்சல் நாடாக்களையும் அழித்துவிட ஏற்பாடாகியிருந்தது. முந்திய நாள், ஊடகவியலாளர் ஸ்கொட் ஆர்ம்ஸ்ட்ரோங்கும் அவர் நிறுவிய தேசிய பாதுகாப்பு ஆவணக் காப்பகமும் நீதிமன்றம் சென்று தடையுத்தரவு பெற்றார்கள். வழக்கு ஆண்டுக் கணக்கில் நீண்டது. மின்னஞ்சலும் அரச ஆவணமே என்று 1993 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பத்திரிகைக்காரன் ஒரு நாள் பிந்தியிருந்தால் அந்த நாடாக்களின் மேல் வேறெதுவோ பதிவாகியிருக்கும்.

அவ்வாறு பதிவாகித் தொலைந்ததற்கும் உதாரணம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1969 ஜூலையில் அப்போலோ 11 சந்திரனில் இறங்கியபோது அங்கிருந்து வந்த மூல ஒளிபரப்பு, அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த நிலையங்களில் நேரடியாகக் காந்த நாடாக்களில் பதியப்பட்டது. நாம் காணும் மங்கலான காட்சி, அதைத் தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு மாற்றியதால் தரம் குறைந்தது. மூலம் அதனைவிடத் தெளிவானது. அந்த நாடாக்களைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்த நாசா, 2009 ஜூலையில் தனது முடிவை அறிவித்தது. 1980 களின் தொடக்கத்தில் நாடாப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, ஏராளமான பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவற்றுள் இவையும் பெரும்பாலும் போயிருக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. பேராசிரியரின் கசெட்டுகளை எண்ணிக்கொண்டு அந்தச் செய்தியை மொழிபெயர்த்து முதலாம் பக்கத்துக்குக் கொடுத்தேன்.

இனி எனது கதைக்கு வருகிறேன்.

2004 இல் எமது அலுவலகத்தில் புதிய கணனிகள் வாங்கப்பட்டன. பழையன ஆறும் மொத்தமாக ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டன. அதற்கு முன்னர் அவற்றில் இருந்த அனைத்தும் 'சுத்தம்' செய்யப்பட்டதாகக் கூறினார்கள். சில மாதங்களின் பின்னர் ஒரு பின்னேரம், கணனி படிக்கும் மாணவர் ஒருவர் வரவேற்பறையில் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு சீடி.

"சேர், இது உங்கடையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. நான் வாங்கின பழைய கொம்பியூட்டருக்குள்ள இருந்தது."

அவர் தமது பாடசாலை வேலை ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டு, அதை மீட்க இணையத்தில் கிடைத்த இலவச நிரல் ஒன்றை ஓட விட்டிருக்கிறார். அவரது கோப்போடு சேர்ந்து எமது அலுவலகத்தின் நூற்றுக்கணக்கான கோப்புகளும் எழுந்து வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் பெயரிலும் முதலெழுத்தைக் காணவில்லை. திறந்து பார்த்தபோது ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பிதற்றலாகத் தெரிந்திருக்கிறது. நாம் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய காலம் அது. பாமினியில் புள்ளிக்குப் பதிலாக இருப்பது அரைப்புள்ளிதான். வேறு எவராவது என்றால் குப்பை என்று எறிந்திருப்பார்கள். தம்பிக்கோ பாமினி தெரியும். எழுத்துருவை மாற்றியதும் தமிழ் வந்துவிட்டது.

"எல்லாம் வாசிச்சனீரோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூண்டு வரி பாத்தன் சேர். ஆக்களின்ர பேர் இருந்தது. பிறகு மூடிப்போட்டன்."

சீடியை எனது கணனியில் இட்டுப் பார்த்தேன். வவுனியாக் குறிப்புகள் முழுமையாக இருந்தன. பெயர், நிலையம், கொட்டில் இலக்கம், யார் எதைச் சொன்னார் என்பது வரையில் ஓர் எழுத்துக் குறையவில்லை. பேராசிரியரின் உரையாடல் இருக்கவில்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது.

அந்த நாட்டில், அந்த ஆண்டுகளில் ஒரு பெயர்ப் பட்டியல் கைமாறுவதன் பொருள் என்ன என்பதை நான் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர்நிறுத்தம் பெயரளவிலாவது நடைமுறையில் இருந்தது என்பது மட்டுமே ஆறுதல். குறிப்பிலிருந்த ஒருவர் காலமாகிவிட்டிருந்தார். பலர் எங்கே என்று தெரியவில்லை. ஒரு பெண்மணி மட்டும் வவுனியாவிலேயே தங்கிவிட்டதாக அறிந்து, தெரிந்தவர் ஒருவர் மூலமாகத் தொலைபேசியில் தொடர்பு கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"தம்பி, அதில என்ர பேர் முழுசா இருக்கோ?"

இருக்கிறது அக்கா என்றேன். பத்திரிகையில் மாற்றினீர்கள்தானே என்று கேட்டார். மாற்றினேன் என்றேன். "அப்ப ஏன் அதுக்குள்ள மட்டும் வச்சிருந்தனீங்கள்?" என்றார். அவரது குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே சரியாக நினைவில்லை. அழித்துவிட்டேன் என்று நினைத்தேன் என்பது போல ஏதோ சொன்னேன்.

மாணவருக்குப் புதிய, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது நல்ல வியாபாரம். மற்றைய ஐந்து கணனிகளையும் தேடி அந்த வியாபாரியிடம் சென்றேன். இரண்டு உதிரிப்பாகங்களாகப் போய்விட்டன என்றார். மூன்றை யார் வாங்கினார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவற்றில் வேலை செய்த சகாக்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. 2006 இல் நிலைமை மீண்டும் மோசமானபோது அந்த மூன்று கணனிகளையும் நினைத்து நான் விழித்திருந்த இரவுகள் பல.

பின்னர்தான் இவ்விடயம் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபின்கெலும் அபி ஷெலட்டும் பாவித்த ஹார்ட் டிஸ்க்குகள் 158 ஐ விலைக்கு வாங்கிப் பரிசோதித்து, 2003 இன் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டிருந்தார்கள். வேலை செய்த 129 வட்டுகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏனையவற்றில் மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள், ஐயாயிரத்துக்கும் அதிகமான கடனட்டை இலக்கங்கள் எல்லாம் இருந்தன. ஒரு வட்டு, வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து வந்தது போலத் தெரிந்ததாம். ஓராண்டுக் கால கொடுக்கல் வாங்கல் விபரங்களுடன்!

முழுமையாக அழிப்பது எப்படி என்ற கேள்விக்கு 1996 இலேயே ஒரு பதில் இருந்தது. நியூஸிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன், அக்காலத்தில் இருந்த பல வகை வட்டுகளையும் கருத்திற் கொண்டு, ஒரு கோப்பின் மேல் 35 தடவைகள் வெவ்வேறு கோலங்களில் எழுதும் முறையொன்றை முன்வைத்தார். ஒவ்வொரு கோலமும் ஒவ்வொரு வகை வட்டுக்கு உரியது. மக்களோ அதனை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டு, எல்லா வட்டுக்கும் 35 தடவை எழுதத் தொடங்கினார்கள். அது தேவையற்றது என்று குட்மனே பின்னர் எழுத வேண்டியதாயிற்று. நானும் ஒரு முறை இரவு முழுவதும் 35 தடவை எழுத விட்டுவிட்டுப் படுத்தவன்தான்.

இன்றைய கணனிகளில் சுழலும் தட்டுகளுக்குப் பதிலாக ஃபிளாஷ் சில்லுகள் வந்துவிட்டன. இவற்றில் தனியொரு கோப்பின் மேல் எழுதி அதனை அழிப்பது இன்னும் சிக்கலானது. ஏனெனில் அதே இடத்தில் எழுதும்படி சொன்னாலும் சில்லு வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை ஒரு பக்கத்தில் விட்டுவிடும். சில்லின் பகுதிகள் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக அப்படி ஏற்பாடு. ஹார்ட் டிஸ்க்குக்கென்று உருவான தனிக்கோப்பு அழிப்பு முறைகளில் ஒன்றுகூட ஃபிளாஷ் வட்டுகளில் சரிவர வேலை செய்யவில்லை என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சன் டியேகோ ஆய்வாளர்கள் 2011 இல் காட்டினார்கள். அதேவேளை, விண்டோஸ் 7 காலத்திலிருந்து அழித்த இடத்தைச் சில்லுக்கு அறிவித்துவிடும் ஒரு கட்டளையும் உண்டு. அதைப் பெற்ற சில்லு தனக்கு வசதியான நேரத்தில் தானே துடைத்துவிடும். ஆகவே தவறுதலாக அழித்ததை மீட்க முடியாமற் போகலாம். வேண்டுமென்றே அழித்தது மூலையில் கிடக்கவும் கூடும். வட்டு முழுவதையும் முதலிலேயே குறியாக்கம் செய்து வைத்து, பின்னர் திறவுகோலை அழித்துவிடுவதே இப்போது நிபுணர்கள் சொல்லும் நம்பகமான வழி. எனது கணனியை அவ்வாறே வைத்திருக்கிறேன்.

2013 ஜூலை 20 ஆம் திகதி லண்டனில் கார்டியன் பத்திரிகையின் நிலவறையில் நடந்ததை இங்கு குறிப்பிட வேண்டும். எட்வேர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் இருந்த கணனிகளை, பிரித்தானிய அரசின் அழுத்தத்தினால் அப்பத்திரிகையினரே அறுக்கும் இயந்திரத்தாலும் துளையிடும் கருவியாலும் உடைத்தார்கள். ஜிசிஎச்கியூ உளவுத்துறை அதிகாரிகள் இருவர் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். ஆவணங்களின் பிரதிகள் வேறு நாடுகளில் இருப்பது இரு தரப்புக்கும் தெரியும். எனினும் உலகிலேயே அதிகமாகக் கணனி அறிந்த அதிகாரிகள் டிலீட் விசையை நம்பவில்லை என்பது என் கண்ணில் பட்டது.

நானும் என்னிடமிருந்த பழைய வட்டில் துளையிடவே எண்ணியிருந்தேன். துளையிடும் கருவியை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியும் வந்தேன். அப்போதுதான் வாசித்ததொன்று ஞாபகத்துக்கு வந்தது. எனது கணனி வட்டை 32 கிலோபைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்தே பாவித்தது. ஒரு துண்டில் ஐந்து கிலோபைட் கோப்பு வந்து அமர்ந்தால், எஞ்சிய 27 கிலோபைட்டும் அதற்கு முன்பு அங்கே இருந்த கோப்பின் வால்தான். மீட்பு நிரல்கள் சாதாரணமாக அதனைக் காட்டுவதில்லை. பேராசிரியரின் உரையாடல் இருந்த இடத்தில் ஏதேனும் ஒரு விளம்பரக் கட்டணப் பட்டியல் வந்து அமர்ந்திருந்தால், அதன் பின்னால் அவரது மூன்றாம் மாலை இன்னும் இருக்கக்கூடும். அவர் 2001 இல் காலமாகிவிட்டார். அவர் அந்த மூன்றாம் மாலையில் தமது ஊர்க் கோவிற் கணக்கேடுகளைப் பற்றிச் சொன்னவற்றை வேறெங்கும் எழுதியிருக்கவில்லை.

அதே வட்டில்தான் அந்தப் பெண்மணியின் முழுப்பெயரும் இருக்கிறது.

கருவியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தேன். வட்டு எனது அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. சென்ற ஆண்டு அதனை எடுத்துக்கொண்டு தகவல் மீட்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் அதனை இணைத்து, காதருகே வைத்துக் கேட்டார். சுழலவில்லை. உள்ளே ஏதோ டிக் டிக் என்று தட்டியது.

"ஐயா, இதத் திறந்து பாக்கிறதெண்டா வெளிநாட்டுக்குத்தான் அனுப்போணும். நல்ல காசு போகும். அவங்கள் உள்ளுக்க இருக்கிறதெல்லாத்தையும் எடுத்துத் தருவாங்கள். அனுப்பட்டோ?"

எல்லாவற்றையுமா என்று கேட்டேன். தெரிந்து எடுக்க ஏலாது, எல்லாம்தான் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.